வெட்கவடை

‘நாங்க’ என்றால் யார்? தாம்பாளம் மூன்றாவது வரிசையைச் சுற்றி வந்து முடிந்தபோது அதில் ஒரே ஒரு வடை மிச்சம் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், எல்லோரும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள், ஒருத்தரும் எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி குனிந்து, சுகந்தியின் காதோரம், “இத நாங்க வெட்கவடைன்னு சொல்லுவோம்க்கா” என்று சொல்லிச் சிரித்தாள். சொன்னவள் அவள் பாட்டுக்கு மேடையைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். சுகந்திக்குத்தான் கை எழவில்லை. காகிதத் தட்டில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது, விளிம்பில் நெய் வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது, மேடையில் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்தினார்கள், எதுவும் அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. நாங்க. நம்ம என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்ம ஊரில், நம்ம பக்கத்தில் என்றால் கேட்பவளுக்கும் அதில் ஒரு ஓரத்தில் இடம் உண்டு. நாங்க என்பது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவது. வெளியே நிற்பவள் வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் வெட்கவடைக்கு வெளியே சுகந்தியை நிறுத்த யாரால் முடியும்? அது அவள் வீட்டுச் சொல். உறையூரில், அவள் சமையலறையில், அவள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்த சொல். அதை இவள் எங்கே பார்த்தாள்? சுகந்தி இன்னொரு முறை தாம்பாளத்தைப் பார்த்தாள். வடை அப்படியே இருந்தது.

மாசிலாமணி சார் இன்றோடு ஓய்வு பெறுகிறார், அதற்குத்தான் இந்த விழா. கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம், மரத்துக்குக் கீழே தகரக் கொட்டகை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் குணசீலன், சுகந்தியின் கணவன். பெயரில் ஒரு குறையும் கிடையாது. எந்த விழாவானாலும் இந்த அலுவலகத்தில் அவன்தான் தொகுத்து வழங்குவான், அவனுக்கு இங்கே கவிஞர் என்று பெயர். இதுவரை ஒரு கவிதை எழுதியதில்லை, ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பேர் வைப்பான், அதுவே போதும் என்று அவனைக் கவிஞராக்கிவிட்டார்கள். “நீயும் வாயேன், சார் குடும்பத்தோட வரச் சொன்னாரு” என்று காலையில் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபோது அவள் வரமாட்டாள் என்று நினைத்திருப்பான், அவள் எதற்கும் வருகிறவள் இல்லை. இன்றைக்கு என்னவோ வர வேண்டும் போல இருந்தது. விழா தொடங்கும் நேரத்துக்கு வந்து, மாசிலாமணி சாரின் உறவுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் இடம் கண்டு உட்கார்ந்துவிட்டாள். “நீங்க சாருக்கு என்ன வேணும்?” என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். பதில் சொல்லும்முன் மைக் கீச்சென்று கத்தி, “இப்போது நம்ம ஜெசிந்தா மேடம் இறைவணக்கம் பாடுவார்” என்று குணசீலனின் குரல் வந்தது, பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து போனாள். நல்ல குரல். உருக்கிப் பாடினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, தன் கேள்வியை மறந்துவிட்டு, சுகந்தியை உறவுக்காரியாகவே வைத்துக்கொண்டாள், போன வருஷம்தான் இந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்ததாகச் சொன்னாள். கழுத்தில் சின்னச் சிலுவை, பட்டுச் சேலை, பேச்சில் தூத்துக்குடி. ஆம், தூத்துக்குடி. அப்படித்தான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் குணசீலனுக்கு முதல் வேலை அங்கேதான்.

அப்படியானால் பழைய கதை. பழைய அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வடை தின்றிருப்பார்கள், ஒரு வடை மிஞ்சியிருக்கும், யாரோ சொல்லியிருப்பார்கள், நாங்க என்பது அந்தக் கும்பலாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவள் வாழ்க்கையே ஆரம்பித்தது, அதை எப்படி இருக்கட்டும் என்று விட முடியும்? சுகந்தியின் லால்குடி வீட்டுக்குக் குணசீலன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மாமா ரயில் தாமதத்தைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொன்னார். தட்டில் ஒரு வடை, யாரும் தொடவில்லை. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, “இது வெட்கவடை. இத யாரும் எடுக்க மாட்டாங்க, நானே எடுத்துக்கறேன்” என்று எடுத்துக் கடித்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற சுகந்தி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டு கூடத்துக்கே போய்விட்டது. அதைப் பார்த்து அவனும் சிரித்தான். அன்று ராத்திரி அப்பா வேலை நிரந்தரம், குடும்பம் சின்னது, சொந்த வீடு என்று அடுக்கியபோது அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, எல்லா வீட்டிலும் நடக்கிற ஒன்றை, யாரும் பார்க்காததைப் பார்த்து அதற்கு ஒரு பேரும் வைக்கிறவன். இவனோடு இருந்தால் ஒரு நாளும் சும்மா போகாது என்று தோன்றியது. தலையை ஆட்டிவிட்டாள். ஊர் அறிய அவள் கழுத்தை நீட்டியது குணசீலனுக்கு, உண்மையில் நீட்டியது அந்தச் சொல்லுக்கு.

அப்புறம் அவளும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டாள் என்பதுகூடத் தப்பு, அவளுக்குள் அது முன்பே இருந்தது, கேட்க ஆள் இல்லாமல் இருந்தது. சாயங்காலம் சமையலறைச் சுவரில் வெயில் சதுரமாக விழும், அதற்கு நாலுமணி ரொட்டி என்று பேர் வைத்தாள். வர்றோம் வர்றோம் என்று எழுந்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று அதற்கப்புறம்தான் முக்கால்வாசிப் பேச்சையும் பேசுகிற விருந்தாளிகளைப் பார்த்து, செருப்புக் கச்சேரி என்றாள். குணசீலன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் அதைப் பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் எழுதி வைத்து, தமிழ் ஐயா சிவப்பு மையில் சுழித்துவிட, இவன் போய் அவரோடு சண்டை போட்டு வந்தான். மகள் இப்போது கோயம்புத்தூர் விடுதியில் இருக்கிறாள், போன வாரம்கூட, “அம்மா, இங்க என் ரூம்ல நாலுமணி ரொட்டியே விழ மாட்டேங்குது” என்றாள், சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். ஒரு சொல்லுக்கு அழத் தெரிந்த பிள்ளையைப் பெற்றிருக்கிறோமே என்று அன்று முழுக்க சுகந்திக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வேறு என்னத்தைக் கண்டாள் அவள்? வெளியூர் போனதில்லை, மேடை ஏறியதில்லை. உலை வைத்து, துணி துவைத்து, பருப்பில் கல் பொறுக்கி, இடையில் இடையில் இப்படி ஒன்று. பால் பொங்கும்முன் ஒரு நொடி அடங்கி நிற்குமே அதற்கு ஒன்று, மாவரைக்கும் இயந்திரம் நின்றதும் தெருவுக்கே காது திறந்ததுபோல் வரும் அமைதிக்கு ஒன்று. பேர் வைத்ததும் அந்தப் பொருள் திரும்பிப் பார்த்ததுபோல் இருக்கும். இருவருக்கு மட்டும் தெரிந்த சொல் என்பதில் ஒரு சூடு உண்டு. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் நாட்களிலும் வெயில் வந்து சுவரில் விழுந்தால், யாராவது ஒருத்தர் ரொட்டி வந்தாச்சு என்று சொல்லிவிட்டால், சண்டை முடிந்தது. அவர்கள் குடும்பம் நின்றது அதன்மேல்தான். ஜெசிந்தா என்கிற இவள் இப்போது அதில் ஒரு செங்கல்லை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, இத நாங்க இப்படிச் சொல்லுவோம்க்கா என்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகைமேல் சடசடவென்று விழுந்த சத்தத்தில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவரின் வாய் மட்டும் அசைந்தது, அதனால் அவர் பேச்சுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சுகந்தி தன்னையே அதட்டிக்கொண்டாள். சொல்லுக்கு யார் சொந்தக்காரர்? இந்த மரத்துக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தது யார்? என்றைக்கோ ஒரு அந்தியில் யாரோ ஒருத்தி இதன் அடியில் நின்று, இலையெல்லாம் கூம்புவதைப் பார்த்து, அட தூங்குமூஞ்சி என்று சொல்லியிருப்பாள். பக்கத்தில் இருந்தவன் சிரித்திருப்பான். அவள் பேர் யாருக்கும் தெரியாது, சொல் மட்டும் ஊர் ஊராக நிற்கிறது. மிட்டாயைப் பாவாடை நுனியில் சுற்றிக் கடித்து எச்சில் படாமல் பங்கு கொடுக்கும் பிள்ளைகள் அதைக் காக்காக்கடி என்கிறார்கள், அதை முதலில் சொன்ன பிள்ளை எது? கோழித்தூக்கம் என்று சொன்ன மனுஷன் எத்தனை கோழிகளை உட்கார்ந்து பார்த்திருப்பான்? பாட்டுக் கட்டத் தெரியாதவர்கள், படம் போடத் தெரியாதவர்கள், வேலைக்கு நடுவே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனவர்கள், அவர்கள் சொன்னதில்தான் நாமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இதை நினைத்தால் எப்போதும் அவளுக்குக் கண் கலங்கும், இன்றைக்கும் கலங்கியது, அதனால் கோபம் கொஞ்சம் இறங்கியது. வெட்கவடை தூத்துக்குடியில் பிறந்து திருச்சிக்கு வந்தால் என்ன, வரட்டும். ஆனால் ஒன்று இடறியது. குணசீலன் சாயங்காலம் வந்ததும் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்வான். யார் மேஜையில் தூங்கினார், யார் டிபன் டப்பாவில் என்ன, யாருக்குப் பல் வலி. மாசிலாமணி சாருடைய பேரனின் மொட்டை வரை அவளுக்குத் தெரியும். இப்படி ஒருத்தி தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறாள், பாடுகிறாள், பழைய சினேகம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல மறந்திருப்பான். எல்லாவற்றையும் சொல்கிறவன் எப்படி ஒன்றை மட்டும் மறப்பான்? மறந்திருப்பான், மறந்திருப்பான். அவள் கேசரியை விரலால் குழப்பிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டது. சத்தம் சட்டென்று நின்றதும் மேடையில் பேசியவர் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார், கூட்டம் சிரித்தது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். மரத்திலிருந்து காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளிகள் உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தன. “கொசுறு மழ” என்றாள், யாரிடமும் இல்லாமல், ஆசையாக. சுகந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன சொன்னீங்க?” என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். “கொசுறு மழைக்கா. மழ விட்ட பொறவு மரம் தனியா கொஞ்சம் போடுது பாத்தீங்களா, அது. நல்லாருக்குல்லா?” “யாரு வச்ச பேரு?” “அவிய...” என்று ஆரம்பித்து நிறுத்தி, “எங்க ஆபீஸ்ல ஒரு சார். அந்தா மைக்கு பக்கத்துல நிக்காவள்ல, அவியதான். போன மழைக்குச் சொன்னாவ. அப்படி என்னத்தயாச்சும் தோணிக்கிட்டே இருக்கும் அவியளுக்கு” என்றாள். முகமெல்லாம் பெருமை. அவிய என்று அந்தப் பக்கத்தில் மரியாதையாக யாரையும் சொல்லலாம், சுகந்திக்கு அது தெரியும். ஆனால் பேரும் இல்லாமல், முன்பின்னும் இல்லாமல், கையில் மழையை ஏந்திக்கொண்டு ஒரு பெண் அவிய என்று சொன்னால் அது யாரையும் சொல்வதல்ல. அப்புறம்தான் அவள் சாரைச் சேர்த்துக்கொண்டாள்.

கொசுறு மழை சுகந்தியுடையது. போன ஐப்பசியில் காந்தி மார்க்கெட்டில், மழை விட்டபிறகு, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றார்கள். காய்க்காரம்மா கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் போட்டாள், அதே நேரம் மேலே மரம் சிலிர்த்து சுகந்தியின் கழுத்தில் நாலு துளி விழுந்தது. “பாருங்க, மேலயும் கொசுறு போடறாங்க” என்று அண்ணாந்து சொன்னாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது உதித்தது, கொசுறு மழை. காய்க்காரம்மா, “நல்லாச் சொன்னே தாயி” என்றாள். மகள் விடுதிக்குப் போய் வீடு வெறிச்சென்று கிடந்த நாட்கள் அவை, அவள் மாதக்கணக்கில் ஒன்றுக்கும் பேர் வைக்காமல் இருந்தாள், அன்றுதான் மறுபடி வந்தது. குணசீலன் அவள் தோளைத் தட்டினான், சந்தையில், எல்லோரும் பார்க்க. வீடு வரை அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். பாவி. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். அது பழைய கதை இல்லை, கும்பல் இல்லை, தூத்துக்குடி இல்லை. இங்கே, இந்த ஊரில், போன மழைக்கு, ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஏதோ ஒரு மரத்துக்குக் கீழேயோ நின்றுகொண்டு, தன் வாயில் பிறந்ததுபோல் இவளுக்குக் கொடுத்திருக்கிறான். கையைப் பிடித்தானா, வீட்டுக்குப் போனானா, அதெல்லாம் சுகந்திக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை, அதைவிடப் பெரியது நடந்து முடிந்துவிட்டதுபோல் இருந்தது. சொல்லுக்குச் சொந்தக்காரர் இல்லைதான். ஊருக்குப் போயிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள், காய்க்காரம்மா நாளைக்கு அதை நூறு பேரிடம் சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது. ஊருக்குப் போகவில்லை. ஒருத்திக்குப் போனது. அதுவும் அவள் பேர் இல்லாமல் போனது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள், இரண்டு பக்கமும் முழங்கால்கள்.

குணசீலன் இப்போது தானே பேச வந்தான், வாழ்த்துரை. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான். “மாசிலாமணி சார் வீட்டுக்குப் போனா சீக்கிரம் திரும்ப முடியாது. நாம கிளம்பினதுக்கு அப்புறம்தான் அவரு பேசவே ஆரம்பிப்பாரு. அதுக்கு நான் ஒரு பேர் வச்சிருக்கேன். செருப்புக் கச்சேரி!” கூட்டம் ஓவென்று சிரித்துக் கைதட்டியது. நான் ஒரு பேர் வச்சிருக்கேன். சுகந்தி உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். நாலுமணி ரொட்டி அவள். செருப்புக் கச்சேரி அவள். பால் அடங்குவது அவள், மாவு இயந்திரத்து அமைதி அவள். அவன் வைத்தது எது? வெட்கவடை, கல்யாணத்துக்கு முன்னால். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில்? தேடினாள். சிரித்தது அவன், கைதட்டியது அவன், இன்னொண்ணு சொல்லு இன்னொண்ணு சொல்லு என்று கேட்டது அவன். தேடத் தேட அவன் சிரிப்பு மட்டும்தான் கிடைத்தது. போன வருஷம் ஒன்று கொண்டுவந்தான், ஆமாம், பீரோ மூச்சு. அவள் பட்டுச் சேலை எடுக்க பீரோவைத் திறந்ததும் அந்துருண்டையும் பழைய துணியும் கலந்து ஒரு வாசனை முகத்தில் அடித்தது, அவன் கட்டிலில் படுத்தபடியே, “பீரோ மூச்சு விடுது பாரு” என்றான். எத்தனை நாளைக்கப்புறம் அவனே ஒன்று! அவளுக்கு அன்று வாயெல்லாம் பல். மகளிடம் ஃபோனில் சொல்லி, உங்க அப்பாவுக்கு மறுபடி வந்துருச்சுடி என்றாள். மறுபடி எங்கிருந்து வந்தது? ஜெசிந்தா மாற்றலாகி வந்ததும் போன வருஷம்தான். குணசீலன் மேடையிலிருந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான், பேச்சாளர்கள் பார்ப்பதுபோல், முதல் வரிசை, இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசையில் அவன் கண் நின்றது. இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். “மாசிலாமணி சார்... மாசிலாமணி சார் ஒரு... மாசிலாமணி சார் நம்ம...” என்றான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கூட்டம் அவனுக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டியது.

ஜெசிந்தா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பட்டுச் சேலை, எப்போதாவது எடுப்பது போலிருக்கிறது, துடைத்ததில் அந்துருண்டை வாசனை எழும்பியது. சுகந்தி திட்டம் போட்டுச் சொல்லவில்லை. “பீரோ மூச்சு” என்றாள். ஜெசிந்தாவின் கை முந்தானையிலேயே நின்றது. “என்னது?” “உங்க சேலை. பீரோ மூச்சு விடுது.” ஜெசிந்தா அவளையே பார்த்தாள், சிரிப்பு ஒரு ஓரத்தில் மட்டும் எடுக்க மறந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. “இத யாரு ஒங்களுக்குச் சொன்னா?” “எங்க வீட்ல. அவரு.” “எவரு?” சுகந்தி மோவாயால் மேடையைக் காட்டினாள். மேடையில் அவிய என்பவரும் அவரு என்பவரும் ஒரே துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா முந்தானையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, உரக்கப் பேசினால் உடைந்துவிடும் என்பதுபோல், “அது எங்கம்ம பீரோ” என்றாள். “எங்கம்ம எறந்து அவுங்க சேலையெல்லாம் எடுத்துக் குடுக்கணும்னு தொறந்தேன். அம்ம மூச்சு விட்ட மாதிரி இருந்திச்சு. பீரோவுக்கு மூச்சிருக்குன்னு அழுதேன். ஒருத்தர்ட்டதான் சொன்னேன்க்கா.”  அந்தச் சொல்லுக்கு எத்தனை தரம் சிரித்திருக்கிறாள் சுகந்தி! பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, விடுது விடுது என்று மகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஒருத்தியின் அழுகையை எடுத்து வந்து இன்னொருத்தியைச் சிரிக்க வைத்திருக்கிறான். “எனக்குத் தெரியாதும்மா” என்றாள், வேறு என்ன சொல்வது. ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள், மரம் இன்னும் துளி போட்டுக்கொண்டிருந்தது. “கொசுறு மழ?” “என்னோடது.” “இப்ப சொன்னாவளே, செருப்புக்...” “அதுவும்.” ஜெசிந்தா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தாம்பாளத்தைப் பார்க்காமலே, “வடை நான் வச்ச பேரு. தூத்துக்குடில, எங்க வீட்டுக்கு அவிய மொத மொத வந்தப்ப. எங்கய்யா, கல்யாணம்னா வேதத்துக்கு மாறி ஞானஸ்நானம் வாங்கணும்னு சொன்னாவ, அதோட போனவியதான்” என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, “அந்த வார்த்தைய எடுத்துக்கிட்டா ஒங்களப் பொண்ணு பாக்க வந்தாவ?” என்று கேட்டாள்.  எந்தச் சொல்லுக்காகச் சுகந்தி கழுத்தை நீட்டினாளோ அந்தச் சொல்லைச் செய்தவள் இதோ பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிறாள். அப்படியானால் சுகந்தி தலையை ஆட்டியது யாருக்கு? ஜெசிந்தாவின்மேல் வர வேண்டிய கோபம் வந்து வந்து பாதியில் நின்றது. நடுவில் நின்ற ஒருத்தன் இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்து, இரண்டு வீட்டிலும் கவிஞராக இருந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. ஒரு தடவைகூட. இதை நினைத்ததும் துரோகத்துக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விழா முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகளை இழுக்கும் சத்தம், மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் தரையில் மிதிபட்டுக் கிடந்தன, மாசிலாமணி சாரின் சம்சாரம் பொன்னாடைகளை எல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தார். சுகந்தியும் ஜெசிந்தாவும் கதவருகில் நின்றார்கள். போகலாம் என்றும் தோன்றவில்லை, நிற்கலாம் என்றும் தோன்றவில்லை. குணசீலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வழியில் இருவர் கவிஞரே பிரமாதம் என்று கையைக் குலுக்கினார்கள், அவன் கை மட்டும்தான் அங்கே இருந்தது. வந்து நின்று ஒருத்தியைப் பார்த்தான், அப்புறம் மற்றவளைப் பார்த்தான். இருவரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அறிமுகம் ஆயிட்டீங்களா?” என்றான். “ஜெசிந்தா மேடம் நல்லாப் பாடினாங்கல்ல?” பதில் இல்லை. அந்த மௌனத்தில் அவனால் நிற்க முடியவில்லை, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

அங்கே மாசிலாமணி சார், மாலையும் கழுத்துமாக, கார் காத்திருப்பதையும் மறந்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போய் மின்விசிறிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். நாளைக்கு இந்த அறைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைசி விசிறி சுற்றி முடிந்து நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், அது நின்ற பிறகும் நின்றார். பிறகு, விளக்கை அணைக்கப் போன கை பாதியில் நின்று, சுவரை ஒரு தரம் தட்டிக் கொடுத்தது. சுகந்திக்கு நெஞ்சுக்குள் ஏதோ திரும்பியது. வந்துவிட்டது. இரண்டே சொல், சுத்தமாக, இதுவரை அவளுக்கு வந்ததிலெல்லாம் நல்லது. திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தாள். அவள் உதடும் லேசாக அசைந்து மூடிக்கொண்டது, அவளுக்கும் வந்துவிட்டது.

குணசீலன் முகத்தில் உயிர் வந்தது. “பாருங்க, பாருங்க சாரை! ரிட்டயர் ஆயும் விசிறிய நிறுத்தறாரு. இதுக்கு ஒரு பேர் சொல்லு சுகந்தி” என்றான். அவள் வாயைத் திறக்கவில்லை. “மேடம், நீங்க?” என்று அந்தப் பக்கம் திரும்பினான். ஜெசிந்தா சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டு நின்றாள். “என்ன, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தோணலையா?”

“தோணுச்சு” என்றாள் சுகந்தி. “நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுது?”

குணசீலன் மாசிலாமணி சாரைப் பார்த்தான். நின்றுபோன விசிறியைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. இருவரும் காத்திருந்தார்கள், அவசரமே இல்லாமல்.

“நல்ல மனுஷன்” என்றான்.